குடும்பமாக வாசிக்கக் கிறிஸ்தவ மாயக் கதைகள்

வெள்ளவத்தை வாசகி:
இரவுச் செபத்துக்குப் பின், ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் சேர்த்து வாசிக்கக்கூடிய, விசுவாசத்தோடு முரண்படாத மாயக் கதைகளைத் தேடுகிறேன். சூனியக்காரி வரும் கதைகள் வேண்டாம் என்கிறார் மாமி. எதிலிருந்து தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, சீ. எஸ். லூயிஸ் நார்னியா என்ற மாய உலகைப் பற்றி எழுதிய கதை வரிசையில் ஏழு நூல்கள். 1950 முதல் 1956 வரை வெளியானவை. கதைக்கால வரிசைப்படி, 1955இல் வந்த மந்திரவாதியின் மருமகன் கதையைப் பலர் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950இல் வந்த சிங்கத்தின் கதையையே முதலில் வாசியுங்கள்: துரோகம் செய்த சிறுவனுக்காக அஸ்லான் என்ற சிங்கம் கல்மேசையில் உயிர்கொடுத்து மீண்டெழும் இடத்தில், நீங்கள் விளக்காமலே பிள்ளைகள் சிலுவையை நினைக்கக்கூடும். அங்கே சூனியக்காரி தீமையின் உருவமே என்று மாமியிடம் சொல்லுங்கள். (மாமியும் பக்கத்தில் அமர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.) கடைசி நூலில் அந்த உலகமே முடிந்துபோவதால், மகன் சற்று வளரும்வரை அதைத் தள்ளிவைக்கலாம்.

பம்பலப்பிட்டி ஆசிரியை:
மாமி இணங்காவிட்டால், லூயிஸ் தம் ஆசானாக மதித்த ஜோர்ஜ் மக்டொனால்ட் 1872இல் நூலாக வெளியிட்ட இளவரசியும் பூதங்களும் கதையை எடுங்கள். கண்ணுக்குப் புலப்படாத நூலிழையைப் பற்றிக்கொண்டு இளவரசி இருண்ட சுரங்கத்தினுள் நடக்கும் பகுதி, விசுவாசத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச மிகவும் ஏற்றது. தமிழில், ஜோன் பனியனின் 1678ஆம் ஆண்டு மோட்சப் பயணக் கதையைத் தழுவிய கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இருக்கிறது. செய்யுள் என்பதால், முதலில் நீங்கள் வாசித்துவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள்.