சரிந்த வருடத்துக்குப் பிறகு ஒரு ஆட்டக்காரரை எடுக்கலாமா? பெல்லிஞ்சரில் எனக்கு நடந்தது

சிகாகோ வாசி:
2023 மார்ச்சில் நடந்த எங்கள் பேஸ்பால் பேன்டஸி லீக் (நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனை அணிக்கு வாங்கி, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எடுக்கும் போட்டி) ஏலம் இன்னும் உறுத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஆடிவந்த கோடி பெல்லிஞ்சர் பெயர் வந்தது. தாளைப் பார்த்தேன். 2019இல் 47 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது), எம்விபி என்ற சிறந்த ஆட்டக்காரர் விருது. 2021இல் மட்டையடி சராசரி (மட்டை பிடித்ததில் எவ்வளவு பங்கு ஹிட் என்பது) 0.165, 2022இல் 0.210. டாட்ஜர்ஸே விட்டுவிட்டார்கள். சிகாகோ கப்ஸ் அணி ஒரே ஒரு வருடத்துக்கு 17.5 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்திருந்தது. ஏலம் 3 டாலரில் நின்றது. கையைத் தூக்கப் போனேன். பக்கத்தில் இருந்த நண்பர், "0.165 அடிச்சவனையா?" என்றார். தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வருடம் அவர் அடித்தது 0.307, 26 ஹோம் ரன், 97 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ஓட்டங்கள்). 2020 அக்டோபரில் ஹோம் ரன் கொண்டாட்டத்தில் தோள் இறங்கியது, அப்புறம் அறுவை சிகிச்சை, எல்லாம் எனக்குத் தெரியும். அதை அந்தத் தாளில் எங்கும் எழுதி வைக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் ரசிகன்:
தோளை மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா. 2021 ஏப்ரலில் இடது கால் எலும்பிலும் விரிசல். சரி, 2022இல் கிட்டத்தட்ட முழு வருடமும் ஆடினாரே, அப்போதும் 150 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது). நாங்கள் வாரா வாரம் பார்த்தோம், உயரமாக வரும் வேகப்பந்தில் மட்டை ஒவ்வொரு தடவையும் தாமதம். விட்டது தப்பு என்று அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.
எனக்கு மறக்காதது 2023 ஏப்ரல். கப்ஸ் சட்டையில் டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு வந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது, அவரும் நன்றி சொல்ல நின்றார். அதற்குள் பிட்ச் கிளாக் (அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம்) ஓடிவிட்டது, நடுவர் ஒரு ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

நியூ ஜெர்சி:
நான் எடுத்தேன், ஆனால் வைத்திருக்கவில்லை. மே மாதம் ஹூஸ்டனில் சுவரில் மோதிக் கேட்ச் பிடித்து முழங்காலில் அடிபட்டார். பயந்துபோய் விற்றுவிட்டேன்.
புதிதாக எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சராசரியைக் கடைசியில் பாருங்கள். முதலில் வயது: 2022 முடியும்போது அவருக்கு 27தான். அடுத்தது ஸ்ட்ரைக் அவுட் விகிதம்: 27 சதவீதத்திலிருந்து மறுவருடம் 16க்குக் கீழே வந்தது. இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் வீச்சைச் சுருக்கித் தொட்டு ஆடினார், ஏப்ரலிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. விதி மாறுகிறதா என்றும் பாருங்கள். 2023இல் ஷிஃப்ட் தடை (தடுப்பாட்டக்காரர்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாது என்ற விதி) வந்தது, அவரைப் போன்ற இடக்கை மட்டையாளர்களுக்கு வலது பக்கம் இடைவெளி திறந்தது. அப்புறம் தடுப்பாட்டம். மட்டை ஓடாத நாளிலும் சென்டர் ஃபீல்டில் (வெளி மைதானத்தின் நடுப்பகுதியில்) ஓடிப் பிடிப்பவரை அணி உட்காரவைக்காது. உட்காராதவருக்குத்தான் அடித்து மீள வாய்ப்பு கிடைக்கும். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் அணிக்கும் இழப்பு அந்த ஒரு வருடத்தோடு முடியும். இதையெல்லாம் பார்க்காமல் 0.165 என்ற ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

சிகாகோ வாசி:
நண்பரே, மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தை விட்டுவிட்டீர்கள். 2023இல் அவருக்கு அது சராசரி மணிக்கு 87.9 மைல்தான். அதனால்தான் அவ்வளவு நல்ல வருடத்துக்குப் பிறகும் பெரிய ஒப்பந்தம் வராமல், பிப்ரவரி கடைசியில் கப்ஸிடமே 3 வருடம், 80 மில்லியனுக்குத் திரும்பினார். 2024இல் 18 ஹோம் ரன்தான், அப்போது தயங்கியவர்கள் சொன்னது சரியாகப் பட்டது. அப்புறம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 2025இல் 29 அடித்தார். யாங்கீ ஸ்டேடியத்தின் வலது சுவர் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மைதானத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.
என் தாளில் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஏன் சரிந்தார்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது காலியாக இருக்கும்வரை யாருடைய விலையையும் எழுதுவதில்லை.