சேப்பாக்கத்துச் சதங்கள்: பலகையில் எதை எழுதுவது, எதை விடுவது?

செய்யாறு பி.டி. மாஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் விளையாட்டு அறையில் ஒரு பழைய கரும்பலகை சும்மா கிடக்கிறது. சேப்பாக்கம் மைதானத்தில் அடிக்கப்பட்ட சர்வதேசச் சதங்களை அதில் பெயிண்டால் எழுதி மாட்டலாம் என்பது எட்டாம் வகுப்புப் பையன்களின் யோசனை. பட்டியல் எடுக்க உட்கார்ந்ததும் சந்தேகங்கள் வந்துவிட்டன.

வினு மன்கட் நியூசிலாந்துக்கு எதிராக 231 அடித்ததை ஒரு பட்டியலில் பார்க்கிறேன், இன்னொன்றில் இல்லை. இரண்டிலும் ஊர் என்னவோ மெட்ராஸ்தான். அப்புறம், 2007-ல் ஆசிய லெவன் அணிக்காக தோனி அடித்த 139 சர்வதேசச் சதமா, காட்சிப் போட்டிக் கணக்கா?

பலகையும் சின்னது. எல்லாவற்றையும் எழுத முடியாது. எதையெல்லாம் விடவே கூடாது என்று சொல்லுங்கள். பையன்களுக்குக் காரணமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

மயிலாப்பூர்_மிட்விக்கெட்

மாஸ்டர், மன்கட்டின் 231 சேப்பாக்கம் இல்லை. 1956 ஜனவரியில் அந்த டெஸ்ட் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது பெரியமேட்டில் இப்போது நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். அவரும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 சேர்த்தது அங்கேதான். குந்தரன் 1964-ல் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த 192-ம் அங்கேதான். 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோதுதான் டெஸ்ட் மறுபடியும் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

தோனியின் 139-ஐத் தாராளமாக எழுதுங்கள். அந்த ஆட்டத்துக்கு ஒருநாள் சர்வதேசப் போட்டி என்ற அங்கீகாரம் உண்டு. அதே ஆட்டத்தில் ஜெயவர்த்தனே 107. இரண்டையும் சேர்க்கலாம்.

பழைய ஸ்கோர்புக்

மாஸ்டர் சார், பல வருஷம் சென்னை லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயர், ரன், வருஷம் என்று மூன்று கட்டம் மட்டும் போடாதீர்கள். நான்காவதாக 'எந்த இன்னிங்ஸ்' என்று ஒரு கட்டம் போடுங்கள் (டெஸ்ட்டில் அணிக்கு இரண்டாக மொத்தம் நான்கு இன்னிங்ஸ்). சேப்பாக்கத்துச் சதத்துக்கு அதுதான் எடை.

இந்த மைதானத்தில் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் பந்து நேர்மையாக மட்டைக்கு வரும். பிறகு பிட்ச் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தால், ஸ்பின்னர் கையில் பந்து பேசும். வெயிலும் கடற்கரை ஈரக்காற்றும் சேர்ந்து ஆளைப் பிழிந்துவிடும். முதல் நாள் காலையில் அடிக்கிற நூறும் நான்காம் நாள் மத்தியானம் அடிக்கிற நூறும் வேறு வேறு. அந்தக் கட்டம் இல்லாத பலகையில் இரண்டும் ஒரே நூறாகத்தான் தெரியும்.

அதனால் நான் முதலில் எழுதச் சொல்வது சச்சின் 136, 1999, நான்காவது இன்னிங்ஸ். பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. மோங்கியாவைக் கூட வைத்துக்கொண்டு முதுகு வலியோடு ஆடினார். சக்லைன் முஷ்டாக் பந்தில் சச்சின் ஏழாவது ஆளாக அவுட்டானபோது 17 ரன்தான் பாக்கி. மிச்ச மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. தோல்வி 12 ரன்னில். அதற்கப்புறம் அரங்கம் முழுக்க எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலையும் பையன்களிடம் சொல்லுங்கள் சார், அதுவும் இந்த மைதானத்தின் கணக்கில் சேர்ந்ததுதான்.

அடுத்து, அதே ஆள், அதே நான்காவது இன்னிங்ஸ், 2008 டிசம்பர், 103 நாட் அவுட். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன இங்கிலாந்து அணி மறுபடி வந்து ஆடியது. இலக்கு 387. நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்து வழி திறந்துவிட்டார். மறுநாள் சச்சினும் யுவராஜும் முடித்தார்கள். ஸ்வான் பந்தை ஸ்வீப் செய்த பவுண்டரியில் சச்சினுடைய சதமும் வந்தது, வெற்றியும் வந்தது. தோற்ற பக்கத்தில் ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம், 123-ம் 108-ம். அவரையும் விடாதீர்கள்.

சச்சினுக்கு இங்கே டெஸ்ட் சதம் மொத்தம் ஐந்து: 165, 155 நாட் அவுட், 136, 126, 103 நாட் அவுட். இடம் இல்லையென்றால் 126-ஐ விட்டுவிடலாம். 155-ஐ விடக்கூடாது. 1998-ல் முதல் இன்னிங்ஸில் வார்ன் அவரை நான்கு ரன்னில் அனுப்பினார். ஆஸ்திரேலியா 71 ரன் முன்னிலை. அந்த நிலையிலிருந்து மூன்றாவது இன்னிங்ஸில், லெக் ஸ்டம்புக்கு வெளியே ரஃபில் (காலடி பட்டுக் கிளறிய தரையில்) விழுந்த பந்துகளையெல்லாம் மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்தார். ஆட்டமே திரும்பிவிட்டது.

மன்கட் பலகையில் வர முடியாது, சரி. ஆனால் கவாஸ்கரின் 236-க்குப் பக்கத்தில் அவர் பெயரைச் சின்ன எழுத்தில் எழுத நியாயம் இருக்கிறது. 1983 டிசம்பரில் கவாஸ்கர் நான்காவது ஆளாக இறங்கலாம் என்று நினைத்தார். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் கெய்க்வாடையும் வெங்சர்க்காரையும் ரன் கணக்கு தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார். பூஜ்யத்துக்கு இரண்டு. அங்கிருந்து 236 நாட் அவுட். அது அவருடைய 30-வது டெஸ்ட் சதம், பிராட்மனின் 29-ஐத் தாண்டியது. கூடவே மன்கட்டின் 231 என்ற இந்திய சாதனையும் போனது. பெரியமேட்டில் வைத்த கணக்கை வாலாஜா சாலையில் வந்து தீர்த்தார், ஒரே ஊருக்குள்!

முச்சதங்கள் இரண்டு. சேவாக் 319, 2008 மார்ச், தென்னாப்பிரிக்கா. மூன்றாம் நாள் ஒரே நாளில் 257 ரன் சேர்த்தார். கருண் நாயர் 303 நாட் அவுட், 2016 டிசம்பர், இங்கிலாந்து. வர்தா புயல் அடித்த அதே வாரம். பிட்ச்சைக் காயவைக்கக் கரி நெருப்பு மூட்டினார்கள். அதே இன்னிங்ஸில் ராகுல் 199-ல் அவுட். இரண்டு முச்சதமும் பெரிய சாதனைதான், மறுப்பில்லை. ஆனால் வரிசையில் முதலிடம் கேட்டால் என் ஓட்டு 136-க்குத்தான்.

1986-ல் ஆஸ்திரேலியாவோடு ரன் சமமாக முடிந்த டை டெஸ்ட்டுக்கு ஒரு வரி முழுசாக ஒதுக்குங்கள். டீன் ஜோன்ஸ் 210. எட்டு மணி நேரத்துக்கு மேல் அந்த செப்டம்பர் வெக்கையில் நின்றார். களத்திலேயே வாந்தி எடுத்தார். முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லோரும் அதையே பேசுவார்கள். ஆஸ்திரேலியாவின் 574-க்குப் பதிலாக ஆடும்போது பாலோ ஆனை (உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலையை) தவிர்த்துக் கொடுத்த கபில்தேவின் 119-ஐ யாரும் பேசுவதில்லை. அது இல்லாவிட்டால் டையே இல்லை.

கொழும்பு13

ஐயா, எங்கட ஆளை விட்டுட்டீங்களே! 1982 செப்டம்பர், டுலீப் மெண்டிஸ். முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவதிலும் 105. அந்த வருசம் பெப்ரவரியிலதான் நாங்கள் முதலாவது டெஸ்ட்டே விளையாடினம். இந்தியாவில விளையாடிய முதல் டெஸ்ட்டில இப்பிடி ஒரு துடுப்பாட்டம். ரோய் டயஸ் 60-உம் 97-உம் எடுத்தார். எங்கட வீட்டில அப்பா இன்றைக்கும் மெண்டிஸ் ஹூக் பண்ணினதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னிங்ஸ் கட்டம் போட்டால் மெண்டிஸுக்கு ரெண்டு கட்டத்திலயும் ஒரே இலக்கம் வரும், பிள்ளையளுக்கு வடிவா ஞாபகம் நிற்கும்.

தாம்பரம்_ஆஃப்ஸ்பின்

எல்லோரும் ஆண்கள் ஆட்டத்தோடு நின்றுவிட்டீர்கள். 2024 ஜூன் கடைசியில் இதே சேப்பாக்கத்தில் இந்திய, தென்னாப்பிரிக்கப் பெண்கள் டெஸ்ட் நடந்தது. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு 292. ஷஃபாலி 194 பந்தில் இரட்டைச் சதம் எட்டினார், பெண்கள் டெஸ்ட்டில் அதைவிட வேகமாக யாரும் அதற்கு முன் அடித்ததில்லை. பாலோ ஆன் வாங்கிய பிறகு தென்னாப்பிரிக்காவில் சுனே லூஸ் 109, லாரா வுல்வார்ட் 122. ஸ்கோர்புக் ஐயா சொன்ன கணக்குப்படி பார்த்தால் இந்த இரண்டும் மூன்றாவது இன்னிங்ஸ் சதங்கள், அதுவும் முதல் இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்த ஸ்நேஹ் ராணா இருக்கும்போது. மாஸ்டர், உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளும் அந்தப் பலகையைப் பார்ப்பார்கள்தானே? இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மயிலாப்பூர்_மிட்விக்கெட்

ஒருநாள் ஆட்டத்துக்கும் ஓர் ஓரம் கொடுங்கள். பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194, 1997 மே 21. 146 பந்து, பாதிக்கு மேல் ரன்னர் (தனக்காக ஓட ஓர் ஆள்) வைத்துக்கொண்டு. ரிச்சர்ட்ஸின் 189 என்ற சாதனை போனது. அதே ஆட்டத்தில்தான் திராவிடின் முதல் ஒருநாள் சதம், 107. யுவராஜ் 113, 2011 உலகக் கோப்பை. தோனி 113 நாட் அவுட், 2012, பாகிஸ்தானுக்கு எதிராக 29-க்கு ஐந்து விக்கெட் போன பிறகு.

நம்ம ஊர்க்காரர்கள் என்று ஒரு வரிசையும் வேண்டும். ஸ்ரீகாந்த் 123, 1987, பாகிஸ்தான். அஸ்வின் 106, 2021, இங்கிலாந்து. அஸ்வின் 113, 2024, வங்கதேசம். அந்த 113-க்கு அவர் இறங்கும்போது 144-க்கு ஆறு விக்கெட். ஜடேஜாவோடு 199 சேர்த்தார். அந்த இரண்டு டெஸ்ட்டிலும் சதத்தோடு ஓர் இன்னிங்ஸில் ஐந்து அல்லது அதற்கு மேல் விக்கெட்டும் எடுத்தார்.

செய்யாறு பி.டி. மாஸ்டர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னிங்ஸ் கட்டம் உறுதி. பெண்கள் டெஸ்ட்டும் உறுதி. பையன்களில் ஒருவன் கேட்கிறான்: விஸ்வநாத் 1975-ல் 97 நாட் அவுட் எடுத்தது இந்த மைதானத்தின் மிகப் பெரிய இன்னிங்ஸ் என்று அவன் தாத்தா சொல்கிறாராம். மூன்று ரன் குறைவதால் அதை விடுவது நியாயமா?

பழைய ஸ்கோர்புக்

தாத்தா சரியாகத்தான் சொல்கிறார் சார். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸ் அது. மொத்தமே 190. அதில் பாதிக்கு மேல் ஒரே மனிதர், மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனதால் 97-ல் நின்றுவிட்டார். இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. இருந்தாலும் சதப் பட்டியலுக்குள் அதைத் திணிக்காதீர்கள். 124-ம் 222-ம் அவருக்கு இங்கேயே இருக்கின்றன, அவை உள்ளே வரட்டும்.

பலகையின் அடியில் ஒரு கோடு இழுத்து 97-ஐத் தனியாக எழுதுங்கள். கூடவே வெஸ்ட் இண்டீஸின் எவர்ட்டன் வீக்ஸ் 90, 1949 ஜனவரி, ரன் அவுட். அதற்கு முந்தைய ஐந்து இன்னிங்ஸிலும் தொடர்ந்து சதம்: கிங்ஸ்டனில் 141, டெல்லியில் 128, பம்பாயில் 194, கல்கத்தாவில் 162-ம் 101-ம். ஆறாவதைச் சேப்பாக்கத்தில் ஓடி எடுக்கப் போய்ப் பத்து ரன்னில் தவறவிட்டார். அந்த ஐந்து எண்ணையும் வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் 90 போடுங்கள், பையன்கள் தாங்களே கேள்வி கேட்பார்கள்.