செர்வலைக் 'குட்டிச் சிவிங்கி' என்று சொல்லலாமா?

கானகன்:
ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் செர்வல் பூனைக்குத் தமிழில் பெயரே இல்லை. 'குட்டிச் சிவிங்கி' என்று வைத்தால் என்ன? மஞ்சள் தோல், கரும்புள்ளி, சின்னத் தலை, எல்லாம் சிவிங்கிப்புலியின் (சீட்டாவின்) சாயல்தான். உடல் அளவோடு பார்த்தால் பூனைக் குடும்பத்திலேயே நீளமான கால் இதற்குத்தான். ஓடுவதற்கு இல்லாமல் அந்தக் கால் வேறு எதற்கு?

நாணல்:
எட்டிக் கேட்பதற்கு! செர்வல் இருப்பது நீர்நிலைகளை ஒட்டிய நெடும்புல்லில். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு. தோள் வரைக்கும் இரண்டடி உயரம் இருப்பதால்தான் அந்த முறம் போன்ற காது மேலே நிற்கிறது.

தான்சானியாவில் வேலை பார்த்தபோது ங்கொரொங்கொரோவில் ஒன்றைப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. தூங்குகிறதோ என்று நினைத்தேன். காதுகள் மட்டும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று திரும்பிக்கொண்டே இருந்தன. பத்து நிமிடம் இருக்கும். திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்பின. வில்லாக வளைந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரே குத்து. தலையைத் தூக்கியபோது வாயில் எலி. துரத்தல் என்று ஒன்று நடக்கவே இல்லை.

கானகன்:
ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள் அண்ணா. முயலையும் மான்குட்டியையும்கூடப் பிடிக்கிறதே, அதெல்லாம் காதாலா?

நாணல்:
எப்போதாவது பிடிக்கும். ஆனால் அது பிடிப்பதில் பத்துக்கு ஒன்பது, 200 கிராம்கூட இல்லாத இரை. எலி, தவளை, குருவி, வெட்டுக்கிளி. அதே ங்கொரொங்கொரோவில் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பாய்ச்சல் பலித்திருக்கிறது. காற்று பலமாக அடித்தால் சத்தம் கலங்கிவிடும், வேட்டையும் குறைந்துவிடும். அப்புறம் வாலைப் பாருங்கள். ஓடும்போது சட்டென்று திரும்ப சிவிங்கிக்கு நீளமான வால் சுக்கான் மாதிரி. இதற்கு இருப்பதோ ஒரு அடி.

மருதன்:
வம்சத்திலும் ஒட்டாது. செர்வலின் பங்காளிகள் கேரகல் என்ற காட்டுப்பூனையும் ஆப்பிரிக்கப் பொன்பூனையும். கேரகல் நம் ராஜஸ்தான், கட்ச் பக்கம்கூடக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சிவிங்கியோ அமெரிக்கக் கண்டத்துப் பூமாவின் உறவு. கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு அடுத்த தெருக்காரனைத் தம்பி என்கிறீர்கள்.

தேன்சிட்டு:
இடையில் ஒரு கேள்வி. இதை வெளிநாட்டில் வீட்டில் வளர்க்கிறார்களாமே?

மருதன்:
வளர்க்கிறார்கள். வீட்டுப் பூனையோடு கலந்து 1986-இல் அமெரிக்காவில் பிறந்த குட்டியிலிருந்துதான் 'சவானா' பூனை இனமே வந்தது. ஆனால் அசல் செர்வல் போகிற வழியெல்லாம் மூத்திரம் பீய்ச்சி எல்லை போடும். சோபாவை யோசித்துக்கொள்ளுங்கள்.

கானகன்:
சரி, உறவு வேண்டாம். ஆனால் சதுப்பும் எலியும் இல்லாவிட்டால் செத்துப்போகும் என்கிற மாதிரி பேசுகிறீர்களே நாணல் அண்ணா. தென்னாப்பிரிக்காவில் செகுண்டா என்ற ஊரில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் பிரம்மாண்டமான ஆலை இருக்கிறது. அந்த வளாகத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு 76 முதல் 101 செர்வல் வரை இருப்பதாக 2018-இல் ஆய்வு வெளியானது. அதற்கு முன் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பதிவானதில்லை. புகைபோக்கிக்குக் கீழேயே குடித்தனம் நடத்துகிற மிருகம் எங்கேயும் பிழைத்துக்கொள்ளாதா?

நாணல்:
புகைபோக்கியைப் பார்த்தீர்கள், அதன் காலடியில் கிடக்கும் ஈரநிலத்தைப் பார்க்கவில்லை. அந்த வேலிக்குள் புல் இருக்கிறது, எலி மண்டிக் கிடக்கிறது. செர்வலை அடிக்கும் பெரிய மிருகம் இல்லை, ஆள் நடமாட்டமும் குறைவு. எங்கேயும் பிழைக்கும் என்றால் வட ஆப்பிரிக்காவில் ஏன் ஏறக்குறைய அழிந்தே போனது? நீங்கள் காட்டிய ஆலை என் கட்சிக்குத்தான் சாட்சி.

கானகன்:
எங்கேயும் பிழைக்கும் என்றது கொஞ்சம் அதிகம்தான். சிவிங்கியையும் விட்டுவிடுகிறேன். 'முறச்செவிப் பூனை' என்று வைப்போமா?

மருதன்:
யானை வழக்குப் போடும்.