மாவடு ஜாடிக்கு ஏழு எழுத்து

முத்தியால்பேட்டை வீடு (குழு)
ஞாயிறு, இரவு

கார்த்தி: [படம்] மத்தியானம் கரண்ட் போனபோது போட்ட காகிதம். தலை நித்யா, வயிறு நான், கால் கடலூர் அத்தை. மடித்து மடித்துக் கொடுத்ததால் ஒருவர் வரைந்தது அடுத்தவருக்குத் தெரியாது, இரண்டு கோட்டு முனை மட்டும் மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மேற்கொண்டு வரைய வேண்டும்.

சித்தி: தலை அப்படியே பெரியப்பா. கண்ணாடி கூட அதே.

பெரியப்பா: பார்த்தேன். எருமைக் கால் யாருடைய கைவேலை?

கடலூர் அத்தை: என்னுடையதுதான் அண்ணா. மேலே நீங்கள் இருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சித்தி: 😂😂

நித்யா: இது பாரிஸில் 1925 வாக்கில் சர்ரியலிசக் கவிஞர்கள் ஆடிய ஆட்டம். படத்துக்குப் பதில் ஆளுக்கொரு சொல் எழுதி மடிப்பதும் உண்டு. அப்படி ஒருமுறை பிரித்துப் பார்த்தால் 'அழகிய பிணம் புது ஒயினைக் குடிக்கும்' என்று வந்ததாம், அதனால் ஆட்டத்துக்கே 'அழகிய பிணம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சித்தி: வீட்டுக் குழுவில் பிணம் கிணம் என்று எழுதாதே.

கார்த்தி: சரி, நம் வீட்டில் 'அழகிய எருமை'.

பெரியப்பா: பிரெஞ்சுக்காரர் ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, பாரதி கூட 1908இல் நம் புதுச்சேரிக்கு வந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகையில் எழுத்தோடு கருத்துப்படமும் போட்டார், எனவே படம் வரைவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் சித்திரகவி என்று, எழுத்தை வைத்தே வித்தை காட்டும் பாட்டுகளின் ஒரு பெரிய சுரங்கமே இருக்கிறது, தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் வகை வகையாக வரும். அதில் மாலைமாற்று என்றால் பாட்டைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு. சம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகம் முழுக்க அப்படிப் பாடியிருக்கிறார். ஒரு வரி செய்து பாருங்கள், மூச்சு முட்டும்.

நித்யா: விகடகவி மாதிரியா?

பெரியப்பா: அதேதான். ஆங்கிலத்தில் 'மா'வைத் திருப்பினால் 'ஆம்' ஆகிவிடும். நமக்கு மா ஒரே எழுத்து, உடையாது. அதனால் எழுத்து எழுத்தாகத் திருப்ப வேண்டும், ஓசையைத் திருப்பக் கூடாது.

கடலூர் அத்தை: நாகபந்தம் என்று ஒன்று சொல்வீர்களே, இரண்டு பாம்பு பின்னிக் கிடக்குமே?

பெரியப்பா: ஆமாம். பாம்புக்கு ஒரு வெண்பா. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொருந்த வேண்டும்.

கடலூர் அத்தை: கம்பிக் கோலமும் அதுதானே. புள்ளி வைத்துக் கோடு நான் போடுகிறேன், எழுத்தை நீங்கள் போடுங்கள்.

நித்யா: முதலில் ஒரு வரிக்கு வழி பார்ப்போம். 'வா தாத்தா வா'. சரியா?

பெரியப்பா: வா, தா, த், தா, வா. சரி. ஆனால் குழந்தை கூப்பிடுவது போல இருக்கிறது.

கார்த்தி: 'யானையா'

பெரியப்பா: அது ஒரு சொல், வரி இல்லை.

(இருபது நிமிடம் சத்தமே இல்லை)

கடலூர் அத்தை: மாவடு போடுவமா

சித்தி: போடலாமே அண்ணி, ஆனால் வடு இப்போது என்ன விலை விற்கிறது தெரியுமா, கிலோவாக வாங்கினால்தான் கட்டும்.

கடலூர் அத்தை: அய்யோ, திருப்பிப் படி.

கார்த்தி: மா வ டு போ டு வ மா!!! அத்தை!!!

நித்யா: ஏழு எழுத்து. நடுவில் 'போ'. 👏👏

பெரியப்பா: நல்ல வரி. ஆனால் 'போடுவோமா' என்றுதான் எழுத வேண்டும். இதை இலக்கணம் ஏற்காது.

கடலூர் அத்தை: வோ போட்டால் திரும்பாது அண்ணா. அதோடு நம் அம்மா ஒரு நாளும் 'போடுவோமா' என்று கேட்டதில்லை, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் 'போடுவமா' என்றுதான் கேட்பாள்.

பெரியப்பா: அது உண்மை.

பெரியப்பா: சரி, இருக்கட்டும்.

நித்யா: [படம்] ஏழு பீங்கான் ஜாடி வரைந்துவிட்டேன், ஜாடிக்கு ஒரு எழுத்து. பரணில் இருக்கிற நிஜ ஜாடிகளிலேயே எழுதிவிடுவோமா? வரிசையை இடம் வலமாக மாற்றி அடுக்கினாலும் வரி அதேதான்.

சித்தி: பரணில் ஏழு இல்லை, ஐந்துதான். அப்புறம் அந்த 'போ' ஜாடியை மட்டும் தனியாக வாசல் பக்கம் வைத்துவிடாதீர்கள், வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

கார்த்தி: வீட்டு வாடகை கேட்டு வருகிறவருக்கு அதுதான் சரி.