நாலு கேமரா, ஒரே பிடி878 சிப்: படங்கள் கலந்து வருகின்றன

கேள்வி:
கணினியில் செருகிய பிசிஐ கேப்சர் கார்டில் நாலு பிஎன்சி சாக்கெட் (கேமரா கேபிள் மாட்டும் இடம்), ஆனால் கேமரா சிக்னலை டிஜிட்டல் படமாக்கும் பிடி878 சிப் ஒன்றே ஒன்று. பால் (PAL) வீடியோ முறையில் ஓடும் நாலு கேமராக்களை லினக்ஸில் 'மோஷன்' என்ற அசைவு கண்டறியும் மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். இரண்டாவது கேமராவின் படத்தில் கீழ்ப்பாதி முதல் கேமராவுடையதாக வருகிறது. ஆள் நடமாட்டமே இல்லாதபோதும் அசைவு என்று பதிவாகிறது. கேமராவுக்கு விநாடிக்கு 5 ஃபிரேமாவது கிடைக்க வழி உண்டா?

பதில் 1:
சாக்கெட் நாலு என்றாலும் டீகோடர், அதாவது அந்தச் சிப், ஒன்றுதான். முன்னால் இருப்பது வெறும் ஸ்விட்ச். கேமராக்கள் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை. மாற்றியதும் சிப் புது சிக்னலின் சிங்க்கை (ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்ற அடையாளத்தை) தேடிப் பிடிக்கும்வரை வரும் ஃபிரேம் பாதி அது, பாதி இது. போதாக்குறைக்கு, டிரைவரிடம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் பஃபர்களும் (படத்தைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடங்கள்) பழைய கேமராவுடையவை.

கேமரா மாறியதும் எத்தனை ஃபிரேமை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் மோஷன் அமைப்பு ரவுண்ட்ராபின்_ஸ்கிப், இயல்பாக 1. அதை 2 ஆக்குங்கள். நாலுக்கும் படஅளவும் நார்மும் (வீடியோ முறை, இங்கே பால்) ஒன்றாக இருக்கட்டும், இன்புட் எண் மட்டும் 0 முதல் 3 வரை மாறட்டும். தனித்தனி புராசஸாக ஓட்டாதீர்கள், இரண்டாவது 'டிவைஸ் பிஸி' என்று நின்றுவிடும்.

வேகத்துக்குக் கணக்கு இது: பால் ஃபிரேம் 40 மில்லி விநாடி. இரண்டைக் கழித்து ஒன்றை எடுக்க 120, சிங்க் காத்திருப்பு 40 வரை. நாலு கேமரா சுற்றிவர 480 முதல் 640. ஆளுக்கு 2 ஃபிரேம் வந்தாலே பெரிது.

பதில் 2:
பொய் அசைவுக்கு, கேமரா மாறுவதால் வரும் கோளாறை அசைவாக எண்ணாமல் வடிகட்டும் மோஷனின் ஸ்விட்ச்ஃபில்டரை ஆன் செய்யுங்கள், இயல்பில் அது ஆஃப். கேமராக்களின் வெளிச்ச அளவு வேறுபட்டால் மாறும்போது சிப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தடுமாறும். அதுவும் அசைவாகத் தெரியும்.

கேமராக்கள் 24 வோல்ட் ஏசி, லைன்லாக் வகையா (ஏசி மின்சாரத்தின் தாளத்தையே பின்பற்றுபவை)? ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்து, கேமராவில் அந்தத் தாளத்தை நகர்த்தும் வி-ஃபேஸ் திருகைச் சரிசெய்தால் எல்லா சிங்க்கும் ஒன்றாக விழும், காத்திருப்பு பெருமளவு குறையும்.

கேட்டவர்:
12 வோல்ட் டிசிதான். நாலு படத்தையும் ஒரே திரையில் சேர்க்கும் குவாட் பெட்டி வைத்தால்?

பதில் 1:
நாலும் 25 ஃபிரேமில் ஓடும், ஆனால் 720×576 நாலாகப் பங்குபோட்டால் ஆளுக்கு 360×288தான். முகம் தெரிய வேண்டிய வாசலுக்கு உதவாது.

இதே மாதிரி இன்னொரு கார்டு போடுங்கள். வாசல் கேமரா தனிச் சிப்பில், மாற்றமே இல்லாமல் 25 ஃபிரேம். மற்ற மூன்றும் பழைய கார்டில் 2 அல்லது 3 ஃபிரேமில் சுற்றட்டும். நாலுக்கும் 5 வேண்டுமென்றால் நாலு சிப் கார்டுதான். அதில் 16 பிட் நிறம் வேண்டாம்: முழு அளவில் கேமராவுக்கு விநாடிக்கு 20.7 மெகாபைட், நாலுக்கு 83. பிசிஐ பஸ்ஸின் (கார்டுகள் பகிரும் தரவுப் பாதை) காகிதக் கணக்கே 133தான், ஹார்டு டிஸ்க்கும் அதே பஸ்ஸில் இருந்தால் ஃபிரேம் விழும். நிற விவரத்தைக் குறைத்து 12 பிட்டில் அடக்கும் ஒய்யுவி420 எடுத்தால் 62ல் முடியும்.