சமூகப் பணியாளருக்கு ‘மேற்பார்வை’ போதுமா?

அன்பர்களே,

குழந்தை, குடும்ப நலப் பணியில் ‘சூப்பர்விஷன்’ என்பதை ‘மேற்பார்வை’ என்றே எழுதிவருகிறோம். தேர்வறையில் நடப்பதும் கட்டட வேலையில் நடப்பதும் மேற்பார்வைதான். இது வேறு. பணியாளரும் மூத்தவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கையிலுள்ள குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார்கள். குழந்தையைக் கடைசியாக நேரில் பார்த்தது என்று? தனியாகப் பேச விட்டார்களா? தாய் சொன்னதை அப்படியே நம்பியது ஏன்? அந்த வீட்டுப் படியேறும்போது பயமாக இருந்ததா? கடைசிக் கேள்வி உபசாரத்துக்குக் கேட்பதல்ல. பயந்தவர் தன்னையறியாமலே சீக்கிரம் கிளம்பிவிடுவார். குழந்தை தூங்கும் இடத்தைப் பார்க்காமலே திரும்புவார்.

இங்கிலாந்தில் புதிதாகத் தகுதிபெற்றுச் சேர்ந்தவருக்கு முதல் 6 வாரம் வாரந்தோறும், 6 மாதம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு குறைந்தது மாதம் ஒருமுறை இந்த அமர்வு உண்டு. ‘பணி உசாவல்’ எனலாமா? உசாவுதல், கலந்து ஆராய்தல்.

> ‘பணி உசாவல்’ எனலாமா?

ஐயா, சொல் அழகுதான். ஆனால் விசாரணையையும் உசாவல் என்று எழுதுகிறார்களே! ‘நாளை உங்களுக்கு உசாவல்’ என்று தகவல் வந்தால் பணியாளர் விளக்கக் கடிதத்தோடுதான் வருவார். ‘சூழ்ச்சி’யும் உதவாது, குறளில் அது ஆராய்ந்து எண்ணுதல், இன்றோ சதி. ‘பணித்துணை’ என்றால் அதிகாரம் காணாமல் போகும். குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பதா என்ற முடிவில் மூத்தவருக்கும் பொறுப்பு உண்டு. அதைக் காரணத்தோடு கோப்பில் பதிய வேண்டும்.

> அதிகாரம் காணாமல் போகும்

சரிதான் அம்மா. ‘பணி நெறியாள்கை’ என்று வைப்போம். ஆய்வு மாணவருக்கு நெறியாளர் இருக்கிறார். துணையும் பொறுப்பும் அதில் சேர்ந்தே வருகின்றன. தொலைக்காட்சி விவாத நெறியாளர் குறுக்கே வராமலிருக்கத்தான் ‘பணி’. கிளைச்சொற்களும் இடறவில்லை: நெறிபெறுநர், குழு நெறியாள்கை, நெறியாள்கைப் பதிவு. ‘மேற்பார்வையிடப்படுபவர்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்!

மேற்பார்வையைத் தூக்கி எறிய வேண்டாம். கெடு தவறிய அறிக்கை, விட்டுப்போன வருகை இவற்றைச் சரிபார்ப்பதற்கு அதுவே பொருத்தம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் கெடுக் கணக்கே முழு நேரத்தையும் தின்றுவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் 15 கோப்பு என்றால் ஒன்றுக்கு 4 நிமிடம். அதில் யார் எதை யோசிப்பது?

ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளெக்டிவ் சூப்பர்விஷன்’ என்பதுபோல் அடைமொழி வேண்டுமானால் ‘மீள்நோக்கு நெறியாள்கை’. ‘பிரதிபலிப்பு’ வேண்டாம், அது கண்ணாடியின் வேலை.