கிராம்பு எண்ணெய் கலந்த கைட்டோசான் உறை: ரொட்டியில் பூஞ்சையைத் தடுக்குமா?

படலமாறன்:
தடுக்கும் என்பது என் கட்சி. 100 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. அசிட்டிக் அமிலம், 1.5 கிராம் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது). இரவு முழுக்கக் கலக்கி, கரையாத துகளை வடிகட்டணும். படலம் விறைக்காமலிருக்க கிளிசரால் 0.45 கிராம். 0.75 மி.லி. கிராம்பு எண்ணெயை 0.15 கிராம் ட்வீன் 80-உடன் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைப்பது) அந்தக் கரைசலில் சேர்த்து அதிவேகமாக அடித்து, நுரை அடங்கிய பிறகு தட்டில் ஊற்றி 40 டிகிரியில் உலர்த்தணும். நுரையோடு ஊற்றினால் ஊசித்துளை விழும். இந்தப் படலத்தை, பூஞ்சை வளர்க்கும் பெட்ரி தட்டில் வைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை கிட்ட வராது.

வெதுப்பகம்:
பெட்ரி தட்டில் படலம், பூஞ்சை வளரும் அகார் கூழோடு ஒட்டிக் கிடக்கிறது. உறைக்குள் ரொட்டி எத்தனை இடத்தில் படலத்தைத் தொடும்? கைட்டோசான் ஆவியாகாது, தொட்ட இடத்தில்தான் வேலை. அதைவிடப் பெரிய சிக்கல், அது உருகாது, கருகும். சூட்டில் சீல் எப்படிப் போடுவீர்கள்?

படலமாறன்:
சீல் விஷயம் சரிதான். காகிதத்தின் உள்பக்கம் பூசிவிட்டு, ஓரத்துக்கு பிஎல்ஏ (சூட்டில் இளகும் தாவரவழி பிளாஸ்டிக்) பட்டை கொடுத்தால் ஒட்டும். தொடாத இடத்துக்குக் கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினாலின் ஆவி போகுமே?

வெதுப்பகம்:
அந்த ஓரம் வீட்டு உரக்குழியில் லேசில் மட்காது. 58 டிகிரி அளவில் நிற்கும் ஆலைக் குவியல் வேண்டும்.

நுண்ணுயிரி:
ஆவி போகும், மிச்சமிருந்தால். கொதிநிலை 254 டிகிரி என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உலரும்போது தண்ணீர் யூஜினாலையும் இழுத்துக்கொண்டு போகும். கிராம்பு எண்ணெய் வடிப்பதே நீராவியால்தானே! உலர்ந்த படலத்தை எத்தனாலில் ஊறவைத்து, மிஞ்சியதை அளந்து எழுதணும். ஊற்றிய அளவை "சதவீதம்" என்று போடுவது ஏமாற்று. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினில் (வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு) அடைத்துச் சேர்த்தால் இழப்பு குறையும், ஈரம் ஏற ஏற மெல்ல வெளிவரும். வெண்ணெய் பன்னுக்கு மட்டும் வேண்டாம். கொழுப்பு யூஜினாலை உறிஞ்சிக்கொள்ளும். தின்பவருக்குப் பல்வலி மருந்து வாசனைதான் கிடைக்கும்.

வெதுப்பகம்:
ஆவிதான் வேலை செய்கிறது என்றால் அதைப் படலத்தில் ஏன் பூட்டணும்? கடுகுக்குக் காரம் தரும் அல்லைல் ஐசோதயோசயனேட்டைச் சிறு பொட்டலத்தில் போட்டால், யூஜினாலைவிட மிகக் குறைந்த அளவு போதும்.

படலமாறன்:
கை கொஞ்சம் தவறினால் ரொட்டி முழுக்கக் கடுகு நெடி.

நுண்ணுயிரி:
இரண்டையும் ஒரே சோதனையில் வையுங்கள். மூடிய டப்பா, மூடியின் உள்பக்கம் படலம் அல்லது பொட்டலம், 2 செ.மீ. கீழே ரொட்டித் துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரே எண்ணிக்கையில் பூஞ்சை வித்துகள், 25 டிகிரி. ஒப்பிட, எண்ணெய் இல்லாத படலம் ஒன்று, வெறும் டப்பா ஒன்று. ரொட்டி நன்றாக ஆறியிருக்கணும்; இல்லையென்றால் மூடியில் நீர் கோத்து, பூஞ்சை வருவதற்கு முன்பே படலம் ஊறிப்போகும்.